ஒரு தட்டு வீடு

கொஞ்ச காலம் எங்கள் அடுக்ககத்தில் நான் ஒரு பிரமுகனாக இருந்தேன். காரணம், என் வீட்டில் ஒன்றும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, காவிரிக் காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது எங்கள் அடுக்ககம். மூன்றாம் மாடியில் என் வீடு. நல்ல பெரிய ஹால், மூன்று படுக்கையறை. அந்த ஹாலில் ஒரு நாற்காலியும் ஒரு ஜமுக்காளமும் மட்டும் கிடந்தன. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு டவரா, ஒரு ஸ்பூன், பால் காய்ச்ச ஒரு பாத்திரம். பீரோவில் நாலைந்து வேட்டி சட்டை. இதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் என் வீட்டுக்கும் வந்து, காலி அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அப்போது எங்கள் அடுக்ககத்தில் எளிய வாழ்க்கைக் குழு என்று ஒன்று மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆரம்பித்தவர் ஐந்தாம் மாடிக்காரர். அமெரிக்காவில் பல வருஷம் இருந்து, அங்கே வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்துவிட்டு, எளிமையாக வாழ்வதற்காக ஸ்ரீரங்கம் வந்தவர். எல்லோரையும் ‘ஸ்வாமி’ என்றும் தன்னை ‘அடியேன்’ என்றும் சொல்வார். அவரும் மனைவியும் சோபாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோபாவை விட விலை அதிகமான ஒரு கோரைப் பாயை வாங்கினார்கள். அதில் யாரையும் உட்கார விடமாட்டார்கள். கசங்கிவிடுமாம்.

இன்னொருவர் குளிர்பதனப் பெட்டி இல்லாமல் வாழ்ந்தார். அவருடைய மாவு, பால், தயிர், மல்லிகைப் பூ எல்லாம் எதிர் வீட்டுப் பெட்டியில் இருந்தன. எதிர் வீட்டுப் பெண்மணி எங்கள் குழுவில் இல்லை. அவருக்கு எங்கே நேரம். ஒரு மாமி மண்சட்டிக்கு மாறினார். வேலைக்கு வரும் பெண் தேய்க்கும்போது இரண்டு சட்டி உடைந்தன. பாரம்பரியத்தின் அருமை தெரியாதவள் என்று அந்தப் பெண்ணை மாமி பேசிய பேச்சு லிஃப்ட் வரை கேட்டது. மூலை வீட்டுக்காரர் ஏ.சி. இல்லாமல் இருப்பதைப் பற்றி ஓயாமல் சொல்லுவார். அவர் வீட்டுக்கு மூன்று பக்கமும் ஜன்னல். ஆற்றுக் காற்றில் காலண்டர் நிற்காது.

கேலி செய்கிறேனே தவிர, இவர்கள் யாரையும் விட நான் குறைந்தவன் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் வேண்டாம் என்றேன். துவைக்க ஒரு அம்மா வந்தார். பால் காய்ச்சும் சின்ன அடுப்பைத் தவிர வேறு அடுப்பு வேண்டாம் என்றேன்; மெஸ்ஸிலிருந்து இரண்டு வேளையும் சாப்பாடு வந்தது. கார் வேண்டாம் என்றேன். போனைத் தட்டினால் கார் வாசலில் நின்றது. என்னிடம் இல்லாத சாமான்கள் எல்லாம் வேறு யாரோ ஒருவர் வீட்டில் எனக்காக உழைத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பெயர் எளிமை என்று நான் மேடையேறியே பேசியிருக்கிறேன். மேடை என்றால் எங்கள் சமூகக் கூடத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் மைக் இருந்தது.

“தேவரீருக்கு இந்த வைராக்கியம் எப்படி வந்தது?” என்று ஐந்தாம் மாடிக்காரர் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். உண்மையை அங்கே சொல்ல முடியாது. வைராக்கியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் மனைவி போய்விட்டாள்.

காலையில் ஸ்பூன் தேடி இழுப்பறையைத் திறந்தால் அவளுடைய முறுக்கு அச்சு கிடக்கும். பரணிலிருந்து எதையாவது எடுக்கப் போனால் அவள் துணியால் வாய் கட்டி வைத்த ஊறுகாய் ஜாடி. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனிதர்கள் போன பிறகு என்னென்ன தாள் வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முறுக்கு அச்சை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மகன் கனடாவில் இருக்கிறான். வாரா வாரம் வீடியோவில் வருவான். “வீட்டைக் கொஞ்சம் காலி பண்ணுங்கோப்பா, மனசு லேசாகும்” என்று சொல்லி, வெறும் அறைகளில் வெள்ளைக்காரர்கள் தியானம் செய்கிற படங்களை அனுப்பினான். அதே சமயத்தில்தான் குழுவும் ஆரம்பித்தது. எனக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பதற்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் துணி துவைக்க வரும் அந்த அம்மாவிடம்தான் கேட்டேன், என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“எனக்கு எதுவும் வேணாம் சார். வெக்க எடம் இல்லீங்க.”

என்னுடைய காலி ஹால் அவருடைய வீடு மொத்தத்தையும் விடப் பெரியது என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று மருந்து கொடுக்கப் போயிருக்கிறேன். இருந்தும் அவர் அன்று சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. சாமான் ஆசை இல்லாத பெண்மணி என்று அடுத்த கூட்டத்தில் அவரை உதாரணம் காட்டிப் பேசினேன்.

பிறகு குழுவே ஒரு நாள் ஏற்பாடு செய்தது. சமூகக் கூடத்தில் மேஜைகளைப் போட்டு, வேண்டாததையெல்லாம் பரப்பிவைத்து, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று வாசலில் எழுதிப் போட்டோம். என் மேஜைதான் பெரியது. மிக்ஸி, குக்கர்கள், மெத்தைகள், தலையணைகள், அவளுடைய எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம். தட்டுகளிலும் டம்ளர்களிலும் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கல்யாணத்தின்போது என் மாமனார் வெட்டிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் ஒன்று விடாமல் பெயர் வெட்டுவார்கள். விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் பெயரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். அன்று போனது எதுவும் திரும்பி வரவில்லை. யார் எடுத்துப் போனார்கள் என்று நான் நின்று பார்க்கவும் இல்லை. பெயர் இல்லாத ஒரு தட்டை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். அன்று வீட்டில் பேசினால் எதிரொலித்தது. பேசத்தான் ஆள் இல்லை.

என் தங்கையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என்னோடு கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள். அவள் கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது மூட்டு வலியோடு வீட்டில் இருக்கிறார். மகன், மருமகள், பேரக் குழந்தைகள் எல்லோரும் ஒரே வீட்டில். ஒரே ஊர்தான், என்றாலும் அவள் என் வீட்டுக்கு வந்து தங்குவது வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிதான். பொங்கலன்று ராத்திரி.

அதற்குக் காரணம் கனு. மாட்டுப் பொங்கலன்று விடிகாலையில், குளிப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டுப் பெண்கள் மொட்டை மாடியிலோ ஆற்றங்கரையிலோ மஞ்சள் இலையைப் பரப்பி, முதல் நாள் சாதத்தில் மஞ்சளையும் குங்குமத்தையும் கலந்து, சின்ன உருண்டைகளாகப் பிடித்துக் காக்காய்க்கு வைப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்தான். ஆனால் என் தங்கை பிறந்த வீட்டில்தான் வைப்பேன் என்பாள். அப்பா அம்மா போன பிறகு என் வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. விடியற்காலையில் குளிக்காமல் வைக்க வேண்டியது என்பதால் முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளும் என் மனைவியும் ஹாலில் மெத்தையைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே கிடப்பார்கள். விடிந்ததும் இருவரும் மாடிக்குப் போய், ஒருத்தி எனக்காகவும் ஒருத்தி என் மைத்துனர்களுக்காகவும் பிடி வைப்பார்கள். நான் காபி போட்டு வைத்திருப்பேன். வருஷத்தில் அந்த ஒரு காலையில் என்னை யாரோ நினைத்து வேண்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. தலையாட்டிவிட்டுப் பேப்பர் படிப்பேன்.

மனைவி இறந்த வருஷம் பண்டிகை இல்லை. அடுத்த வருஷப் பொங்கலன்று சாயங்காலம் தங்கை வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. நான் வீட்டைக் காலி பண்ணிய பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னண்ணா, பெயிண்ட் அடிக்கப் போறயா?”

இல்லை என்று சொல்லி என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பொருளின் பாரம், மனதின் பாரம், தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம். கூடத்தில் பேசிப் பேசி நாக்குக்குப் பழகியிருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. நாற்காலியில் உட்காரேன் என்றேன். “அது உன்னோடதாச்சே” என்றாள்.

இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம் என்று தூக்கைத் திறந்தாள். மேலே ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல், கீழே சாதமும் குழம்பும், மறுநாள் பிடி வைப்பதற்குத் தனியாகக் கொஞ்சம் வெள்ளைச் சாதம். “தட்டு எடுத்துண்டு வா” என்றாள். நான் என் தட்டை எடுத்து வந்தேன்.

“இன்னொண்ணு?”

“ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தனுக்கு ஒண்ணு போறுமே.”

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கூட்டத்தில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள்.

அவள் என் தட்டில் எனக்குப் பரிமாறினாள். பிறகு தூக்கின் மூடியைத் திருப்பிப் போட்டு, அதில் தனக்குக் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டாள். மூடி நடுவில் மேடாக இருந்ததால் குழம்பு ஓரத்துக்கு ஓடியது. அவள் அதை விரலால் வழித்து வழித்துச் சேர்த்துச் சாப்பிட்டாள். “ரயில்ல போறாப்ல இருக்கு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் தங்கை, தன் பிறந்த வீட்டில், பொங்கலன்று, தூக்கு மூடியில் சாப்பிடுகிறாள் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை.

சாப்பிட்டுக் கை அலம்பிய பிறகுதான் கேட்டாள். “மன்னி பேர் போட்ட தட்டெல்லாம் எங்கண்ணா?”

“குடுத்தாச்சு.”

“யாருக்கு?”

“தெரியல. தேவைப்பட்டவா எடுத்துண்டு போயிருப்பா.”

“எனக்கு வேணும்னு கேக்கல. எங்காத்துல வெக்க எடமே இல்ல. ஆனா வந்தா அதுலதானே சாப்டுவேன்” என்றாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்து நாலாக மடித்துத் தரையில் விரித்தாள். அப்படி விரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நான் வருவேன்னு நெனக்கலயாண்ணா நீ?”

நிஜமாகவே நினைக்கவில்லை. வீட்டில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து யோசித்தபோது, இதை நான் பயன்படுத்துவேனா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். குழுவில் அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் வருவார்கள் என்று கேட்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று என் மனதுக்குள் முடிவாகியிருந்தது போலிருக்கிறது. ஜமுக்காளத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, நான் யோகா செய்ய வாங்கிய ரப்பர் விரிப்பில் படுத்தேன். அவளுக்கு முதுகு வலி உண்டு. விடியும்வரை புரண்டுகொண்டிருந்தாள்.

காலையில் மாடிக்குப் போய்ப் பிடி வைத்தாள். காக்காய்கள் வந்தன. காபியை அவள் டவராவிலும் நான் டம்ளரிலும் குடித்தோம். பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு விட்டேன். கையில் பணம் கொடுத்தேன், வழக்கமான கனுச் சீர். வாங்கிக்கொண்டாள். “ஒடம்பப் பாத்துக்கோ” என்றாள். “அடுத்த வருஷம் வரேன்” என்று வழக்கமாகச் சொல்வதை மட்டும் சொல்லவில்லை. பஸ் போன பிறகுதான் அதைக் கவனித்தேன்.

அந்த வருஷம் முழுவதும் போனில் பேசிக்கொண்டோம். பேச்சில் ஒரு குறையும் இல்லை. உடம்பு எப்படி, மழை உண்டா, மகன் பேசினானா. ஆனால் அவளுக்குப் புரிந்தது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தட்டு வைத்திருக்கிறவன் யாரையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான். அது பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மெஸ் சாப்பாட்டைத் தட்டில் கொட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்த மூடியில் ஓடிய குழம்பு ஞாபகம் வரும். குழுக் கூட்டத்துக்குப் போவதைக் குறைத்தேன். பேச்சாளர் ஓய்வில் இருப்பதாக ஐந்தாம் மாடிக்காரர் அறிவித்துவிட்டார்.

மார்கழி முடிகிற சமயத்தில் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெரிய கடை வீதிக்கு நடந்தேன். பாத்திரக் கடை. வெளியே குடங்கள் தொங்கின. உள்ளே பொங்கல் கூட்டம்.

“வீட்டுக்குங்களா, சீருக்குங்களா?” என்றார் கடைக்காரர்.

“சீருக்குத்தான். ஒரு தட்டு. நல்ல கனமா.”

“ஒண்ணு போதுங்களா? சீருன்னா ஜோடியா எடுப்பாங்க.”

“ஒண்ணு என்கிட்ட இருக்கு.”

அவருக்கு இது விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. “பேர் வெட்டணுங்களா? இதுல எழுதிக் குடுங்க” என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

தங்கையின் முழுப் பெயரை எழுதப் போனேன். எழுத வரவில்லை. அந்தப் பெயரில் நான் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. வீட்டில் அவளுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. அம்மா வைத்தது. அப்பா, அம்மா, என் மனைவி, நான் எல்லோரும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். புகுந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. இப்போது அவளை அப்படிக் கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்தேன். இயந்திரம் பல் டாக்டர் கிளினிக்கில் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு வெட்டித் தந்தது. கூடவே ஒரு மெத்தை, ஒரு தலையணை, ஒரு டம்ளர் டவராவும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துணி துவைக்க வரும் அம்மா பார்த்துவிட்டு, “விருந்தாளுங்க வராங்களா சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அவளே போன் செய்தாள்.

“அண்ணா, இந்தத் தடவ கனு இங்கயே வெச்சுடறேன். இவருக்கு மூட்டு வலி ஜாஸ்தியாயிருக்கு. விட்டுட்டு வர முடியல.”

“சரி.”

“காக்காய்க்கு எந்த மாடியா இருந்தா என்ன. உன்ன நெனச்சுண்டுதான் வெப்பேன்.”

“சரிம்மா.”

மெத்தை வாங்கியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு அந்தப் பெரிய ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரொம்பத் தனியாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் சும்மா மொட்டை மாடிக்குப் போனேன். அடுக்ககத்துப் பெண்கள் மஞ்சள் இலையோடு வந்திருந்தார்கள். குழுவைச் சேர்ந்த மண்சட்டி மாமி அரிசிக்குப் பதில் சாமையில் பிடி வைத்திருந்தார். வண்ணத்துக்குக் குங்குமம் வேண்டாம், ரசாயனம் என்று பீட்ரூட் சாறு. காக்காய்கள் வந்தன. பக்கத்து இலையில் இருந்த அரிசிப் பிடியைத் தின்றுவிட்டு, மாமியின் இலையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் பறந்துபோயின. “இதுகளும் கெட்டுப் போயிடுத்து” என்றார் மாமி. வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கீழே வந்தேன். குளித்தேன். தட்டைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சீர் வாங்க அவள்தான் வர வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, கொடுக்கிறவன் போகலாம்.

எடமலைப்பட்டி புதூரில் அவள் வீட்டுக்கு நான் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. எப்போது போனாலும் வாசலோடு வந்துவிடுவேன். அன்று உள்ளே போனேன். கால் வைக்க இடமில்லை. கால் உடைந்த நாற்காலி செங்கல்லில் நின்றது. ஓடாத மிக்ஸிக்குப் பக்கத்தில் ஓடுகிற மிக்ஸி. கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள், பரணில் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் மடித்த பிளாஸ்டிக் பைகள். குழுவினர் யாராவது பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். முன்பு நானும் மனதுக்குள் முகம் சுளித்திருக்கிறேன். இப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவள் எதையும் தூக்கிப் போட முடியாது. நாளைக்கு வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டுமே. ஒரு போன் தட்டலில் வந்துவிடும் என்று தெரிந்தவனால்தான் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. அதைத் துறவு என்று மைக் வைத்துப் பேசியிருக்கிறேன்.

“அண்ணா” என்றாள் தங்கை. மருமகளிடம் திரும்பி, “மாமாக்குத் தட்டு போடு” என்றாள்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்கு ஒரு தட்டு வந்தது. ஓரம் நசுங்கி, யாருடைய பெயரோ தேய்ந்துபோன தட்டு. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். தங்கையின் கணவர் பொன்மலைப் பட்டறைக் கதைகளை உரக்கச் சொன்னார். குழந்தைகள் அப்பளத்துக்குச் சண்டை போட்டார்கள். மனைவி போன பிறகு நான் இன்னொரு மனிதரோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது இரண்டே தடவைதான். ஒன்று அங்கே. இன்னொன்று தங்கை மூடியில் சாப்பிட்ட அன்று. அடுத்த சாதம் போடட்டுமா என்று மருமகள் கேட்டபோது தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் நின்றது. மிளகாய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வாசலில் வைத்து அவளிடம் தட்டைக் கொடுத்தேன். பேப்பரைப் பிரித்தாள். பெயரைப் பார்த்தாள். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“இந்தப் பேர்ல என்னக் கூப்பிட ஆளே இல்லன்னு நெனச்சேன்.”

“நான் இருக்கேனே.”

அவள் தட்டை மறுபடி அதே பேப்பரில் சுற்றினாள். ஒழுங்காக, மடிப்பு மேல் மடிப்பாக. என் பையில் வைத்தாள்.

“எடுத்துண்டு போண்ணா. இங்க கெடந்தா குழந்தைகள் தூக்கிப் போட்டு நசுக்கிடும். அங்க இருக்கட்டும். வந்தா வேணுமே.”

“எப்போ வருவ?”

“வரேன். இவர் கொஞ்சம் நடக்க ஆரம்பிக்கட்டும்.”

அதன் பிறகு மாதங்கள் ஆகிவிட்டன. அவர் நடக்க ஆரம்பிக்கவில்லை. அவள் வரவில்லை. போனில் பேசுகிறோம். தட்டைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன். என் தட்டைத் தினம் கழுவுகிறேன். அதைத் துடைத்து மட்டும் வைக்கிறேன்.

போன வாரம் ஐந்தாம் மாடிக்காரரின் மனைவி வந்தார். குழு ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறதாம். அதற்கு என் சமையலறையைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். அலமாரியைத் திறந்தவர் நின்றார்.

“ஒண்ணுதானே சொன்னேள்? ரெண்டு இருக்கே.”

“இன்னொண்ணு என்னோடதில்ல.”

தட்டை எடுத்துப் பெயரைப் படித்தார். “யாரு இது? குழந்தை பேராட்டம் இருக்கு.”

“என் தங்கை. வருவா.”

“போட்டோக்கு மட்டும் கொஞ்சம் அந்தண்ட வெச்சுக்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். என் தட்டை வேண்டுமானால் நகர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கேமராவை மூடிக்கொண்டு, வாசல் வரை போய் ஏதோ கேட்க வேண்டுமே என்பதுபோல் கேட்டார், எப்போது வருகிறாள் என்று. நான் தட்டைத் துடைத்து, பெயர் தெரிகிற பக்கம் முன்னால் இருக்கும்படி திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.